ஏரி வீட்டுக்கு ஒரு டிக்கெட்

வேனில் இருந்தவர்கள்:

அப்பா. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். இப்போது கண் நரம்பில் கோளாறு, தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குக் கலங்கல். வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியைத் தொடுவதில்லை. ஓட்டுகிறவரைத்தான் விடுவதில்லை.

அம்மா. அதே பேருந்தில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் கைப்பையில் விசில் இருக்கும். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. கை காட்டியவரை ஏற்றாமல் அவள் போனதே இல்லை. அதனால் அந்த வண்டி ஒரு நாளும் நேரத்துக்குப் போனதும் இல்லை.

அக்கா. பெரிய துணிக்கடையில் மேற்பார்வை. எதைக் கொடுத்தாலும் நான்கு மூலையும் சேர்த்து மடித்து வைப்பாள், மனிதர்கள் உட்பட.

அத்தான். அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. சமீபத்தில் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். அது தெரியாதவர்கள் யாரும் பாக்கியில்லை.

குண்டூசி. அவர்கள் மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். பேச்சைக் கேட்டால் இந்தப் பெயர் ஏன் என்று புரியும்.

நான். படிப்பைப் பாதியில் விட்டவள். பார்சல் கிடங்கில் இரவு வேலை. காலை ஒன்பது மணி எனக்கு நடுராத்திரி.

மலைப்பாதையின் முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது.

"மாப்பிள்ளை, செகண்டுக்கு வாங்க," என்றார் அப்பா.

"மாமா, இது ஆட்டோமேட்டிக்."

"அப்ப அதுவா வரணும்ல? ஏன் வரல?"

அடுத்த வளைவில் அப்பாவின் வலது கால் வேனின் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. இருந்தாலும் மலை ஏறி முடிக்கிற வரை மிதித்துக்கொண்டேதான் வந்தார்.

"தாத்தா, வேன்ல ஓட்டை விழப்போவுது," என்றாள் குண்டூசி.

"விழட்டும். அது வழியா காலை விட்டாவது நிறுத்தலாம்."

அப்புறம் மரங்கள் முடிந்தன, ஏரி வந்தது. நான் அழகை வர்ணிக்கிற ஆள் இல்லை. வேனில் யாரும் பேசவில்லை என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. சுற்றிலும் மலை, நடுவில் பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர். வேன் முழுசாக நிற்பதற்கு முன்பே குண்டூசி கதவைத் திறந்து குதித்து ஓடினாள். அம்மாவின் கை தானாகக் கைப்பைக்குள் போய் விசிலைத் தேடியது.

முகாம் பழசு. மரக் குடில்கள், அடிக்கிற பம்பு, விறகு அடுப்பு, பொதுவாக ஒரு சாப்பாட்டுக் கூடம். அக்கா படம் பார்த்துப் பதிவு செய்திருந்தாள். படத்தில் எங்கள் குடில் மட்டும் இருந்தது. அதை ஒட்டியிருந்த கழிப்பறை இல்லை. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு படுக்கை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் வந்தது, எறும்பும் வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கயிறும் ஒரு ஆணியும் இருந்தன.

"இயற்கையோட இருக்கலாம்னு போட்டிருந்தான்," என்றாள் அக்கா.

"இருக்கமே. பக்கத்து ரூம்லயே இயற்கை," என்றார் அத்தான். கழிப்பறைக் கதவு படார் என்று அடித்தது.

ஆனாலும் ஒருத்தருக்கும் எரிச்சல் வரவில்லை. பையைப் போட்டதும் எல்லோரும் கரைக்கு ஓடினோம். அப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, "ஐஸு! ஐஸு!" என்று கத்தினார். கத்திக்கொண்டே இன்னும் உள்ளே போனார்.

அம்மா மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. கரையிலிருந்து ஒரு பலகைப் பாலம் ஏரிக்குள் போனது. அதன் முடிவில், தண்ணீரில் நட்ட கட்டைகளின் மேல் சின்னதாக ஒரு வீடு. நீலக் கதவு, நாலு பக்கமும் ஏரி. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகாமை நடத்துகிற பெண்மணி வந்தார். தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கைகளைப் பின்னால் கட்டியபடி. குண்டூசி அந்த இடத்திலேயே அவருக்கு மேஜரம்மா என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அதுல யாரு இருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஏரி வீடா? யாரும் இல்ல. அது வாடகைக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை படகுப் போட்டி வைப்போம். எந்தக் குடில் ஜெயிக்குதோ அவங்களுக்குக் கடைசி ராத்திரி அது."

"உள்ள பூட்டிக்கலாமா?"

மேஜரம்மாவிடம் இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கட்டில் எப்படி, கொசு உண்டா என்று கேட்டிருப்பார்கள். "பூட்டலாமே," என்றார். "நல்ல கனமான பூட்டு. உள்ளயிருந்தும் சாவி போடலாம்."

அம்மா தலையாட்டினாள். "எனக்கு அது வேணும்," என்றாள்.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தானின் வாயில் இருந்த பிஸ்கட் அப்படியே நின்றது. அம்மா எதையும் வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. உங்களுக்கு வேணுமா, போதுமா, சில்லறை இருக்கா, இவ்வளவுதான் அவள் பேச்சு.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். கதவு வைத்த அறை ஒன்றுதான். பகலில் அதில் நான் தூங்குகிறேன். ராத்திரி அதில் அப்பா குறட்டை விடுகிறார். அம்மா ஹாலில், டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் படுக்கிறாள். அதற்கு முந்தைய முப்பது வருஷம் ஊரே இடித்துக்கொண்டு ஏறி இறங்கிய பேருந்து. குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ காலம் ஆகிறது. குளிக்கும்போது அம்மா பாடுவாள். சந்தோஷத்தில் இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காக.

"வாங்கிரலாம் அத்தை," என்றார் அத்தான். பிஸ்கட்டை விழுங்கிவிட்டு முழங்கையை மடக்கிக் காட்டினார். "இது எதுக்கு இருக்கு?"

"எதுங்க?" என்று உற்றுப் பார்த்தாள் அக்கா.

விதிகள் சுலபம். குடிலுக்கு ஒரு படகு, படகுக்கு இரண்டு பேர். ஒருவர் துடுப்பு போட வேண்டும், மற்றவர் பின்னால் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். நடு ஏரியில் மிதக்கிற ஆரஞ்சு பீப்பாயைச் சுற்றி, பாறை முனையைத் தாண்டித் துறைக்குத் திரும்ப வேண்டும். துறையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு படகு நுழைகிற அளவுக்குச் சந்து. அதன் கடைசியில் ஒரு மணி. படகு முழுதாக உள்ளே வந்து மணி அடித்தால் ஜெயிப்பு. கட்டையில் இடித்தால் செல்லாது. வெளியே போய் மறுபடி வர வேண்டும்.

போன வருஷம் ஜெயித்தது ஒரு பல் டாக்டர் குடும்பம். இந்த வருஷமும் வந்திருந்தார்கள். டாக்டர், மனைவி, எருமைக்கன்று மாதிரி இரண்டு பையன்கள், நாலு பேருக்கும் ஒரே நீலச் சட்டை. சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேஜைக்கே வந்து சிரித்தார்கள். எல்லாப் பல்லும் தெரிந்தது.

"சார் என்ன பண்றீங்க?" என்று அப்பாவைக் கேட்டார் டாக்டர்.

"பஸ் ஓட்டினேன்."

"ஓ! அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க."

அப்பா ரொட்டியைக் கிழித்த விதத்தில் அக்கா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

மறுநாளிலிருந்து பயிற்சி. அத்தான் கையுறை போட்டுக்கொண்டு துடுப்பில் உட்கார்ந்தார், அக்கா எதிரே. துடுப்பு போடுகிறவன் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பதே அத்தானுக்கு அன்றுதான் தெரிந்தது.

"லெஃப்ட்ல போங்க," என்றாள் அக்கா.

"உன் லெஃப்டா, என் லெஃப்டா?"

"நம்ம லெஃப்ட்!"

படகு ஒரு வட்டம் போட்டது. பிறகு எதிர்த் திசையில் ஒரு வட்டம். கடைசியில் நாணலுக்குள் போய்ச் செருகி நின்றது. கரையில் குண்டூசி மல்லாந்து படுத்துச் சிரித்தாள். அத்தான் அக்காவை நம்பவில்லை. ஒவ்வொரு தடவை துடுப்பு இழுக்கும்போதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இழு, திரும்பு, இழு, திரும்பு. மூன்று நாள் இப்படி. வியாழக்கிழமை சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. யாரையாவது பார்க்க வேண்டும் என்றால் ஆளே திரும்ப வேண்டியிருந்தது, சந்தேகக் கேஸை விசாரிக்கிற போலீஸ்காரர் போல.

ராத்திரிச் சாப்பாடு உருளைக்கிழங்கு சூப். அத்தான் கழுத்தில் சுடுதண்ணீர்த் துண்டைச் சுற்றிக்கொண்டு, சூப்பை ஓரக்கண்ணால் பார்த்துக் குடித்தார்.

"மன்னிச்சுருங்க அத்தை. ஜிம்ல கழுத்துக்கு மிஷின் இல்ல."

"அதனால என்ன மாப்பிள்ளை," என்றாள் அம்மா. ஆனால் அவள் கண் ஜன்னலுக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே அந்த நீலக் கதவு.

"நான் போடறேன்," என்றேன். பார்சல் தூக்கித் தூக்கி என் கை நன்றாகத்தான் இருக்கிறது.

"சித்தி, நீ பகல்ல உக்காந்துகிட்டே தூங்குவ," என்றாள் குண்டூசி. உண்மைதான்.

"நான் ஓட்டறேன்," என்றார் அப்பா.

அக்கா, குழந்தையிடம் பேசுகிற குரலில், "அப்பா, உங்களுக்குக் கண்ணு…" என்று ஆரம்பித்தாள்.

"துடுப்பு போடறவன் எந்தப் பக்கம் பாக்கறான்?"

"பின்னாடி."

"போற பக்கத்தைப் பாக்கறானா?"

"இல்ல."

"அப்புறம் கண்ணு எதுக்கு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"ஏங்க," என்றாள், "இது ரிவர்ஸ்ங்க."

"அதத்தான் மூணு நாளா கரையில நின்னு பாக்கறேன். மாப்பிள்ளை மனசு நோகுமேன்னு சும்மா இருந்தேன்."

இதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஓட்டிய தடத்தில் கடைசி நிறுத்தம் ஒரு முட்டுச்சந்து. அங்கே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரிச் சுவர், மறு பக்கம் மார்க்கெட் சுவர், நடுவில் பேருந்து மட்டும். தினமும் பல தடவை அம்மா கீழே இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊத, அப்பா வண்டியைப் பின்னாலேயே கொண்டுபோவார். இடது வலது என்று சொன்னால் யாருடையது என்று குழப்பம் வரும். அதனால் அம்மா ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்றுதான் சொல்வாள். முப்பது வருஷத்தில் இரண்டு சுவரிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

விடிகிற நேரம் எனக்கு வேலை முடிகிற நேரம். கண் விழித்துதான் இருந்தேன். கயிற்றை ஆணியிலிருந்து கழற்றுகிற சத்தம் கேட்டது. அம்மாவும் அப்பாவும் திருடர்கள் மாதிரி வெளியே போனார்கள். நானும் பின்னால் போனேன். ஏரியின் மேல் புகை மாதிரிப் பனி. இருவரும் படகில் ஏறினார்கள். அப்பா துடுப்பைப் பிடித்தார். அம்மா பின்பக்கப் பலகையில், அவருக்கு நேர் எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டாள். இரண்டு தடவை ஊதினாள். ஏதோ பறவை பயந்து பறந்தது. படகு கிளம்பியது.

"வரட்டும், வரட்டும். மார்க்கெட் கொஞ்சம். நேராக்கு. வரட்டும்."

அப்பாவுக்குப் பலம் அதிகமில்லை. ஆனால் படகு கோடு போட்டது போல் போனது. ஒரு இடத்தில் அவர் துடுப்பை நிறுத்தினார்.

"நீ விசில் ஊதறப்ப இப்படித்தான் முழிப்பியா?"

"முன்னாடி பாத்து ஓட்டுங்க."

"முன்னாடி நீதான இருக்க."

முப்பது வருஷமும் அம்மா அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். முகம் வீட்டுக்கு வந்த பிறகுதான், அதுவும் சோர்ந்து போய். நான் கரையில் உட்கார்ந்து ஒரு சிகரெட் அளவு நேரம் பார்த்தேன். நான் சிகரெட்டை விட்டுவிட்டேன், அந்த நேரத்தை இன்னும் விடவில்லை. பிறகு எனக்கே தெரியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். இவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று அப்போதுதான் முதல் தடவை தோன்றியது.

போட்டிக்கு எல்லாக் குடில்களும் கரைக்கு வந்துவிட்டன. நாற்காலி, குடை, பிள்ளைகள், ஒரு ஊதல், ஒரு பாத்திரம், தட்டுவதற்குக் கரண்டி. அத்தான் மட்டும் பாறை முனைக்குப் போனார். கழுத்து திரும்பிய பக்கத்தில் ஏரி இருக்க வேண்டும் என்றால் அவர் அங்கே நின்றால்தான் முடியும்.

டாக்டர் எங்கள் படகைப் பார்த்தார். "ஆன்ட்டியும் அங்கிளுமா? அருமை, அருமை. கலந்துக்கறதுதான் முக்கியம்."

"சொத்தைப் பல்லு இருந்தா இன்னிக்கே புடுங்கிருவோம் டாக்டர்," என்றாள் குண்டூசி.

"ஏய்!" என்றாள் அக்கா, சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு.

மேஜரம்மா சிவப்புத் துணியைக் கீழே இறக்கினார். ஏரியே கலங்கிவிட்டது. துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. ஒரு படகு அங்கேயே சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்றில் கணவன் மனைவி சண்டை போட்டுத் துடுப்பைத் தண்ணீரில் விட்டார்கள். டாக்டரின் மூத்த மகன் இழுத்த இழுப்பில் அவர்கள் படகு பாய்ந்தது. ஆனால் இந்தப் பக்கம் பாய்ந்தது, அப்புறம் அந்தப் பக்கம் பாய்ந்தது. எங்கள் படகு அவ்வளவு வேகமில்லை. வளையவும் இல்லை.

"ஆஸ்பத்திரி!" என்று அம்மாவின் குரல் ஏரி மேல் கணீரென்று வந்தது. "ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி! இன்னும் ஆஸ்பத்திரி!"

மேஜரம்மா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் பிடித்து நிறுத்தினேன். "ஒண்ணுமில்லங்க, அது வழி சொல்றது."

"என்ன வழி அது?"

"பழைய ரூட்டு."

பீப்பாயை அவர்கள் சுற்றிய அழகைச் சொல்ல வேண்டும். பேருந்தை முட்டுச்சந்தில் ஒடிக்கிற அதே ஒடிப்பு. "மார்க்கெட்! ஒடி, ஒடி, நல்லா ஒடி, நேராக்கு, வரட்டும்!" பீப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. டாக்டர் படகு பீப்பாயை இடித்து, அது நாலு தடவை தலையாட்டியது. எங்கள் படகு முதலில் வந்துகொண்டிருந்தது. அக்கா என் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், தெரிந்து செய்யவில்லை. குண்டூசி இடுப்பளவு தண்ணீரில் நின்று, "தாத்தா! டாப் கியர்! டாப் கியர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. கிடங்கில் பேசுகிற வேலை இல்லை.

படகு பாறை முனையை நெருங்கியது. பாறையின் விளிம்பில் அத்தான். சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு. குதித்தால் கழுத்து வலிக்கும். அதனால் ஆடாமல் நின்று வலது கையை மட்டும் உயரத் தூக்கினார்.

ஒரு விசில்.

அப்பா இரண்டு துடுப்பையும் தண்ணீரில் குத்தி நிறுத்தினார். படகு அந்த இடத்திலேயே நின்றது. அத்தானுக்கு நேர் எதிரே, அடி பிசகாமல்.

தண்ணீர் மேல் பேச்சு எவ்வளவு தூரமானாலும் கேட்கும். எல்லாம் கேட்டது.

"மாப்பிள்ளை, ஏறணுமா?"

"ஐயோ அத்தை, போங்க! போங்க!"

"ஏறலைன்னா எதுக்குக் கை காட்டினீங்க?"

"உற்சாகம் அத்தை! உற்சாகம்!"

"யாரு? யாரு ஏர்றா?" என்றார் அப்பா.

"யாரும் இல்லங்க. மாப்பிள்ளை சும்மா நிக்கறாரு."

"சும்மா நிக்கறவரு ஸ்டாப்பிங்ல ஏன் நிக்கறாரு?"

"ஏறல! நான் ஏறல!" என்று அத்தான் இரண்டு கைகளையும் ஆட்டினார். அப்பாவுக்கு அதுவும் ஆள் கூப்பிடுகிற மாதிரி தெரிந்ததோ என்னவோ, துடுப்பை எடுக்கவே இல்லை. அந்த நேரத்தில் நீலச் சட்டைகள் பக்கத்தால் பாய்ந்து போனார்கள். டாக்டர் எங்களைப் பார்த்து, பல் தெரியக் கை அசைத்தார். அக்கா கீழே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இரண்டு விசில். படகு கிளம்பியது. அப்பாவின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, அம்மாவின் முகம் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், சில்லறை கொடுக்காமல் இறங்கி ஓடியவனைத் துரத்தும்போது.

ஆனால் நீலச் சட்டைகள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். மகன் மூச்சு வாங்க வாங்க இழுத்தான். படகு துறைக்கு வந்தது. சந்து தெரிந்தது. "வலது," என்றார் டாக்டர். "இல்ல, இடது. வலதுடா!" டமால். கட்டையில் இடித்தது.

"செல்லாது! வெளிய போய் வாங்க!" என்று மேஜரம்மா கத்தினார்.

வெளியே போனார்கள். மறுபடி வந்தார்கள். "மெதுவா, மெதுவா. இப்ப இடது. என் இடது!" டமால், மற்ற கட்டையில். நாள் முழுக்கச் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்துத் தலைகீழாகப் பார்க்கிற மனுஷன். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திசை பிடிபடவில்லை. "நீங்க வாயை மூடுங்கப்பா!" என்றான் மகன். ஒரு பல் டாக்டரை இப்படிச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன்.

மூன்றாவது தடவைக்கு அவர்கள் வெளியே போனபோது எங்கள் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது.

இப்போது அம்மா கத்தவில்லை. அவசரமே இல்லை அவள் குரலில். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு வருகிற குரல் அது.

"வரட்டும். வரட்டும். ஆஸ்பத்திரி லேசா. போதும். வரட்டும்."

கரையில் பாத்திரம் தட்டுகிறவர் நிறுத்திவிட்டார். குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். படகின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம்கூட இடம் இல்லை. அப்பா துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டார். படகு தானாக வழுக்கி வந்தது. அவர் பின்னால் திரும்பவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும்… வரட்டும்… வரட்டும்…"

ஒரு விசில்.

அப்பா திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். மணி அங்கே இருந்தது. அடித்தார்.

அப்புறம் யார் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. அக்கா சேலையோடு தண்ணீரில் குதித்தாள், மடிப்பெல்லாம் போனது. குண்டூசி படகில் ஏறப் பார்த்து அதைக் கவிழ்க்கப் பார்த்தாள். நான் முன்பின் தெரியாத ஒரு அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் கையில் கரண்டி. அத்தான் பாறையிலிருந்து ஓடி வந்து, மொத்த உடம்பையும் திருப்பி, ஒவ்வொருத்தராகப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் வந்து கை கொடுத்தார். "பிரமாதம் சார். எப்படி?"

"ரெஸ்ட் எடுத்தேன்," என்றார் அப்பா.

சாயங்காலம் மேஜரம்மா சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். இரும்புச் சாவி. தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கட்டும் என்று ஒரு தக்கைக் கட்டை கட்டியிருந்தது. அம்மா அதை டிக்கெட் பையைப் பிடிக்கிற மாதிரி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் முன்னே எல்லோரும் பலகைப் பாலத்தில் ஊர்வலமாகப் போனோம். முன்னால் அம்மா, கையில் ஒரு துண்டும் போர்வையும் மட்டும். பின்னால் அப்பா, தலையணையும் ரேடியோவும். அதற்குப் பின்னால் அக்கா, அடுக்கி மடித்த போர்வைகள். அத்தான் கழுத்தில் துண்டு. குண்டூசி மெத்தையையே இழுத்துக்கொண்டு வந்தாள். "சித்தி, நீ எப்படியும் ராத்திரி முழிச்சிருப்ப. உனக்கு இடம் வேணாம்," என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னாள்.

அம்மா பூட்டைத் திறந்தாள். நீலக் கதவு சத்தமில்லாமல் உள்ளே போனது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். சின்ன அறை. இரண்டு கட்டில், ஒரு விளக்கு, ஒரு ஜன்னல். ஜன்னல் முழுக்க ஏரி, சிவந்துபோய், அசைந்துகொண்டு. தரைப் பலகைக்குக் கீழே தண்ணீர் தட்டுகிற சத்தம்.

"அம்மாடி!" என்றாள் அக்கா. "நானும் அவரும் இந்தக் கட்டில். குண்டூசி கீழ. அப்பா…"

அம்மா உள்ளே போனாள். திரும்பி வாசற்படியில் நின்றாள். ஒரு கையால் கதவையும் மறு கையால் நிலையையும் பிடித்துக்கொண்டாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நிற்கிறவர்களை எண்ணுகிற பார்வை அது, எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"வண்டி ஃபுல்," என்றாள்.

"என்னம்மா?"

"இடம் இல்ல. அடுத்த வண்டியில வாங்க."

"உள்ள ரெண்டு கட்டில் இருக்கே!" என்றார் அப்பா.

"ஒண்ணுல நான். இன்னொண்ணுல என் துண்டு."

"அடியே, ஓட்டினவன் நான்!"

"டிரைவருக்கு டிப்போவுல ரூம் இருக்கு. ஆறு கட்டில், கயிறு, ஆணி எல்லாம் இருக்கு. போய்ப் படுங்க. காலையில நானே வந்து எழுப்பறேன்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அன்று நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துதான் ஓட்டியிருந்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு ரேடியோவை நீட்டினார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சத்தம் வேணாங்க," என்றாள். குரல் மெதுவாக இருந்தது.

"பாட்டி, பயமா இருந்தா?" என்று குண்டூசி கேட்டாள்.

"பயமா? எனக்கா?" அம்மா சிரித்தாள். முன்பக்கம் இரண்டு பல் இல்லாத, டாக்டருக்குப் பிடிக்காத சிரிப்பு. கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்தாள். எங்களைப் பார்த்து இரண்டு தடவை ஊதினாள்.

ஊதிய பிறகு யாரும் நிற்க முடியாது. அது எங்கள் உடம்பில் இருக்கிறது. அப்பாதான் முதலில் திரும்பினார், அப்புறம் அக்கா, மெத்தையோடு குண்டூசி, ஆளோடு சேர்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அத்தான். நான் கடைசி. பாலத்தின் பாதியில் திரும்பிப் பார்த்தேன். அம்மா அறைக்குள் திரும்பி, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து சாவியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.